மாடித்தோட்டக் குழுவுக்கு அட்மின் கிடைக்கவில்லையா? ஆளைத் தேடும் முன் வேலையைப் பிரியுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இது: மாடித்தோட்டத்துக்காக ஒரு டெலிகிராம் குழு, 6,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். அட்மின்கள் நான்கு பேர். அதில் இருவர் மாதக்கணக்கில் தலைகாட்டவில்லை. "அட்மினாக விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்" என்று குழுவில் போட்டால் யாரும் வருவதில்லை, வந்தாலும் வரக்கூடாதவர்கள்தான் வருகிறார்கள். நல்ல தன்னார்வலர்களை எப்படிச் சேர்ப்பது, சேர்ந்தபின் அவர்கள் வேலையை எப்படி மேம்படுத்துவது? கேட்டிருப்பது ஆள் சேர்ப்பதைப் பற்றி. ஆனால் உங்கள் குழுவின் சிக்கல் ஆள் பஞ்சம் என்று எனக்குத் தோன்றவில்லை. என்ன வேலை, எவ்வளவு நேரம், எத்தனை நாளைக்கு, தப்பாகப் போனால் யார் பொறுப்பு என்று எதுவும் சொல்லாமல் கூப்பிடுகிறீர்கள். அப்படிக் கூப்பிட்டால் விவரம் தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், அதிகாரம் பிடித்தவர்கள் மட்டும் கை தூக்குவார்கள். இது எல்லாப் பொழுதுபோக்குக் குழுக்களிலும் நடப்பது.

அதனால் முதல் வேலை கணக்கெடுப்பு. இரண்டு வாரத்துக்கு இப்போது இயங்கும் இரண்டு அட்மின்களும் தாங்கள் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஒரு பொதுத் தாளில் ஒரு வரி எழுத வேண்டும்: தேதி, நேரம், என்ன வகை, என்ன செய்தோம். கூகுள் ஷீட் போதும். வகைகளை முன்கூட்டியே ஆறாக வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்பேம், திரும்பத் திரும்ப வரும் கேள்வி, இடம் மாறிய பதிவு (காலை வணக்கப் படம், ஃபார்வர்டு), விதை கொடுக்கல் வாங்கல் புகார், சண்டை, இன்பாக்ஸ் தொல்லை. டெலிகிராமின் 'அண்மைச் செயல்கள்' பட்டியலைப் பார்த்துப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அது 48 மணி நேரத்துக்குத்தான் இருக்கும், அதன்பின் மறைந்துவிடும். இரண்டு வாரம் முடிந்து தாளைப் பார்த்தால் எண்ணிக்கையில் முதல் மூன்று வகைகளும், தலைவலியில் கடைசி மூன்று வகைகளும் முன்னால் நிற்கும். முதல் மூன்றுக்கு மனிதர்கள் அவ்வளவாகத் தேவையில்லை. கடைசி மூன்றுக்கு மனிதர்கள் மட்டும்தான் உதவுவார்கள். ஆள் எடுப்பது இந்த இரண்டாவது பகுதிக்காக.

முதல் பகுதியைக் கருவியிடம் தள்ளுங்கள். குழுவில் சேர ஒப்புதல் கேட்கும் முறையை இயக்கலாம். அல்லது புதிதாக வருபவர் ஒரு பொத்தானை அழுத்தித் தான் பாட் (தானாக இயங்கும் மென்பொருள் கணக்கு) இல்லை என்று காட்டினால்தான் எழுத முடியும் என்று வைக்கலாம். ரோஸ் போன்ற இலவச மேலாண்மைப் பாட்கள் இதைச் செய்யும். டெலிகிராமிலேயே 200 பேருக்கு மேலுள்ள குழுக்களுக்குத் தீவிர ஸ்பேம் தடுப்பு என்ற அமைப்பு உண்டு. அதைப் போட்டுவிட்டு, தவறாக நீக்கியவற்றை மட்டும் பார்த்துத் திருத்தினால் போதும். பாட்டுக்கு அட்மின் உரிமை கொடுக்கும்போது நீக்குதல், தடை செய்தல் இரண்டு மட்டும் கொடுங்கள். 'புதிய அட்மின்களைச் சேர்த்தல்' உரிமையை எந்தப் பாட்டுக்கும் கொடுக்காதீர்கள். அந்தப் பாட்டின் கட்டுப்பாடு கைமாறினால் குழுவே கைமாறிவிடும்.

அடுத்து, குழுவைத் தலைப்புகளாகப் பிரியுங்கள்: பூச்சி-நோய், விதைப் பரிமாற்றம், மண் கலவையும் உரமும், அறுவடைப் படங்கள், பொது. இடம் மாறிய பதிவுகள் பற்றிய சச்சரவில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு (தேங்காய் நார்க்கழிவை எத்தனை முறை அலசுவது, மிளகாய் இலை ஏன் சுருள்கிறது, செம்மண் எவ்வளவு, மண்புழு உரம் எவ்வளவு) ஒரு முறை நன்றாக எழுதி, அந்த மேலாண்மைப் பாட்-இல் குறிப்பாகச் சேமித்துவிடுங்கள். கேள்வி வந்தால் யார் வேண்டுமானாலும் ஒரு சொல்லைத் தட்டி அந்தக் குறிப்பை வரவழைக்கலாம். இதற்கு அட்மின் உரிமை தேவையில்லை என்பது முக்கியம்.

இப்போது மிச்சமிருப்பதை மூன்று பொறுப்புகளாக உடைக்கலாம். ஒன்று, வரவேற்பாளர்: புதிதாக வந்தவரின் முதல் கேள்வி பதிலில்லாமல் கிடக்காமல் பார்த்துக்கொள்பவர். எந்த அதிகாரமும் கிடையாது. இரண்டு, தலைப்புக் காவலர்: ஒரே ஒரு தலைப்பை மட்டும் பார்ப்பவர், நீக்கும் உரிமை மட்டும் உள்ளவர். மூன்று, நடுவர்: சண்டை, மோசடிப் புகார், இன்பாக்ஸ் தொல்லை ஆகியவற்றைக் கையாள்பவர், எழுதவிடாமல் நிறுத்தவும் தடை செய்யவும் உரிமை உள்ளவர். டெலிகிராமில் ஒவ்வொரு அட்மினுக்கும் உரிமைகளைத் தனித்தனியாகக் கொடுக்க முடியும், ஆகவே இந்தப் பிரிவினை வெறும் பெயரளவில் நிற்காது. ஒன்று மட்டும்: நீக்கும் உரிமை குழு முழுக்கச் செல்லும், ஒரு தலைப்புக்குள் அடக்க முடியாது. அங்கே நம்பிக்கையும் எழுதி வைத்த விதியும்தான் எல்லை. 6,000 பேர் குழுவுக்கு ஐந்தாறு வரவேற்பாளர், தலைப்புக்கு ஒருவர், நடுவர் நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் ஒருவர்மீதும் பாரம் ஏறாது. இந்த எண்ணிக்கை பழக்கத்தில் வந்த மதிப்பீடுதான். உங்கள் இரண்டு வாரத் தாள் வேறு மாதிரி சொன்னால் தாளை நம்புங்கள்.

யாரைக் கேட்பது? குழுவில் அதிகம் பேசுபவரையோ, அதிகம் தெரிந்தவரையோ அல்ல. செடி வளர்ப்பில் கரைகண்டவர் நல்ல பதிலாளராக இருப்பார். ஆனால் நடுவர் வேலைக்குத் தேவையான பொறுமை அதோடு ஒட்டி வருவதில்லை. "இதுகூடத் தெரியாமலா தோட்டம் போட்டீங்க" என்று தொடங்கும் நிபுணரை அட்மினாக்கினால் புதியவர்கள் கேள்வி கேட்பதையே நிறுத்துவார்கள். கடந்த மூன்று மாதப் பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். "இலையின் அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்க" என்று கேட்டுவிட்டுப் பிறகு பதில் சொல்கிறவர், "இது எனக்கு உறுதியாத் தெரியல" என்று எழுதக்கூடியவர், தவறான பதிலைத் திருத்தும்போது ஆளை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் பேசுபவர், இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போது பேச்சைச் செடியின் பக்கம் திருப்பியவர். இவர்கள் ஏற்கெனவே அந்த வேலையைப் பதவியில்லாமல் செய்துகொண்டிருப்பவர்கள். பெயர்கள் பத்துப் பன்னிரண்டு தேறும்.

சிலரைத் தவிர்க்க வேண்டும். நர்சரி நடத்துபவர், விதை அல்லது உரம் விற்பவர், தன் யூடியூப் சேனலுக்குப் பார்வையாளர் தேடுபவர் ஆகியோரை நடுவராக வைக்காதீர்கள். அவர்கள் நேர்மையாகவே நடந்தாலும், போட்டியாளரின் பதிவை ஒருமுறை நீக்கினால் அந்த நீக்கத்தை யாரும் நம்பமாட்டார்கள். அவர்களுக்குப் பூச்சி-நோய்த் தலைப்பில் விவரம் சொல்லும் இடம் கொடுக்கலாம், விதைப் பரிமாற்றத்தில் கை வைக்கக்கூடாது. அதேபோல், தாமாகவே பலமுறை கேட்டு வருபவரிடம் கவனம் தேவை. மறுக்க வேண்டும் என்பதில்லை, வரவேற்பாளராகத் தொடங்கச் சொல்லுங்கள். அதிகாரம் இல்லாத வேலையை ஒரு மாதம் ஒழுங்காகச் செய்கிறவர் அடுத்த படிக்குத் தகுதியானவர். அதிகாரம் இல்லை என்றதும் ஆர்வம் வற்றிவிட்டால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

பொது அழைப்பு வேண்டாம். தனித்தனியாகக் கேளுங்கள், எதைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இப்படி எழுதலாம்: "வணக்கம்மா. போன வாரம் கத்தரியில் மாவுப்பூச்சி பற்றிக் கேட்ட புதியவருக்கு நீங்கள் பொறுமையாகப் பதில் சொன்னதைப் பார்த்தோம். பூச்சி-நோய்த் தலைப்பை மட்டும் மூன்று மாதம் பார்த்துக்கொள்ள முடியுமா? ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். நீக்குவதற்கான விதிகள் எழுதியே இருக்கின்றன. சந்தேகம் வந்தால் நடுவரிடம் தள்ளிவிடலாம். மூன்று மாதம் முடிந்ததும் தொடர வேண்டிய கட்டாயம் இல்லை. முடியாது என்றாலும் சங்கடமில்லை." இதில் நான்கு விஷயம் உண்டு: எதற்காகக் கேட்கிறோம், எல்லை எது, எவ்வளவு நேரம், எப்போது முடியும். கடைசியதுதான் அதிகம் வேலை செய்கிறது. தன்னார்வலர்கள் தயங்குவது உழைப்புக்காக அல்ல. ஏறினால் இறங்க வழியில்லையே என்பதற்காக.

பெண்களைக் கேட்பதில் ஒரு தனி எச்சரிக்கை. மாடித்தோட்டக் குழுக்களில் பெண்கள் நிறைய. ஆனால் அட்மின் பட்டியலில் பெயர் வந்தவுடன் இன்பாக்ஸில் வேண்டாத செய்திகள் குவியும் என்று தெரிந்தே பலர் மறுக்கிறார்கள். அதற்கு ஏற்பாடு செய்துவிட்டுக் கேளுங்கள். டெலிகிராமில் அட்மின்கள் பெயர் காட்டாமல் குழுவின் பெயரிலேயே எழுதும் வசதி இருக்கிறது. பக்கத்தில் 'நடுவர் 2' என்று ஒரு பட்டத்தை மட்டும் காட்டலாம். தொலைபேசி எண்ணை யாருக்கும் காட்டாதபடி தனியுரிமை அமைப்பை மாற்றச் சொல்லிக்கொடுங்கள். நடுவர்களில் குறைந்தது இருவர் பெண்களாக இருக்க வேண்டும், ஒருவர் போதாது. இன்பாக்ஸ் தொல்லைப் புகார்கள் எல்லாம் அந்த ஒருவர் தலையிலேயே விழுந்தால் அவர் இரண்டு மாதத்தில் விலகிவிடுவார்.

சேர்ந்தபின் பயிற்சி. நீண்ட விதிமுறை ஆவணம் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. பழைய பத்துச் சம்பவங்களை எடுத்து, பெயர்களை மறைத்து ஸ்கிரீன்ஷாட்டாக்குங்கள். எளிதானவை மூன்று, குழப்பமானவை ஏழு. ஒவ்வொருவரும் மற்றவர் பதிலைப் பார்க்காமல், 'விட்டுவிடுவேன், நீக்குவேன், எச்சரிப்பேன், நிறுத்துவேன்' என்பதில் ஒன்றையும் அதற்கு ஒரு வரிக் காரணத்தையும் எழுத வேண்டும். பிறகு எல்லோருடைய விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரக் குரல் அழைப்பில் பேசுங்கள். எல்லோரும் ஒத்துப்போகும் இடத்தில் நேரம் செலவிட வேண்டாம். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்ன இடத்தில் தவறு அவர்களிடம் இல்லை, உங்கள் விதி தெளிவாக இல்லை. அந்த விதியை அங்கேயே திருத்தி எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச் சம்பவங்களோடு இதைத் திரும்பச் செய்தால், "அந்த அட்மின் விட்டார், இந்த அட்மின் நீக்கினார்" என்ற குறை கண்கூடாகக் குறையும்.

அந்தப் பத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். இயற்கையா ரசாயனமா என்ற சண்டை ஒன்று. ஒருவர் யூரியா ஒரு சிட்டிகை போடலாம் என்று எழுதுவது கருத்து. அதை நீக்கக் கூடாது. (உங்கள் குழு இயற்கை முறைக்கு மட்டும் என்றால் அதைக் குழு விளக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.) ஆனால் வெண்டையில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை அடிக்கச் சொல்வது கருத்து அல்ல, இந்தியாவில் காய்கறிப் பயிர்களில் அதைப் பயன்படுத்த 2005-லேயே தடை வந்துவிட்டது. அதை நீக்கிவிட்டு, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத அட்மின், தன் கொள்கைக்குப் பிடிக்காததை எல்லாம் ஆபத்து என்ற பெயரில் நீக்கத் தொடங்குவார். இரண்டாவது, "தொட்டியில் தானா முளைச்சிருக்கு, இது என்ன கீரை, சாப்பிடலாமா?" என்ற படம். பெயர் சொல்வதை அனுமதியுங்கள். படத்தை மட்டும் பார்த்து "தாராளமா சமைக்கலாம்" என்று எழுதும் பதிலை நீக்குங்கள். பதில் சொன்னவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இதற்கு விலக்கு வேண்டாம். மூன்றாவது, விற்பனையை உதவி போல் எழுதும் பதிவு: "விளைச்சல் அமோகம், எங்கே வாங்கினேன் என்று கேட்பவர்கள் இன்பாக்ஸ் வாங்க."

நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்பதை மேலே போகிற போக்கில் சொன்னேன். அதற்கு ஆதாரம் இருக்கிறது. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் 3 கோடிக்கும் மேலான பதிவுகளை வைத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, நீக்கியதற்குக் காரணம் சொல்லப்பட்டவர்களின் அடுத்த பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்பு குறைவதைக் காட்டியது. காரணத்தை மனிதர் எழுதினாலும் தானியங்கி எழுதினாலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எனவே ஏழெட்டுக் காரண வாக்கியங்களைப் பாட்-இல் சேமித்து வைத்துவிட்டால் போதும், ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. அதே 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு, ரெடிட்டின் அறிவியல் குழுவில் 2,190 விவாதங்களில் செய்த சோதனை: சில விவாதங்களின் உச்சியில் விதிகளை ஒட்டினார்கள், சிலவற்றில் ஒட்டவில்லை. ஒட்டிய இடங்களில் முதன்முறை எழுதுபவர்கள் விதிக்கு உட்படுவது 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. புதியவர்களின் பங்கேற்பும் சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதியைக் காட்டினால் புதியவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற பேச்சுக்கு இது நேரெதிர். ஆனால் இரண்டும் ஆங்கிலத்தில் இயங்கும் மிகப் பெரிய ரெடிட் குழுக்களில் கிடைத்த முடிவுகள். ஒருவரை ஒருவர் அக்கா, தம்பி என்று கூப்பிடும் தமிழ் டெலிகிராம் குழுவில் திசை இதுவாகவே இருக்கும் என்று நினைக்கலாம். அளவும் இதுவே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் ஆய்வு நடந்ததைத் திரும்பிப் பார்த்தது, இரண்டாவதுதான் முறையான சோதனை. அதனால் விதியை ஒட்டுவது பற்றி இன்னும் உறுதியாகப் பேசலாம். மூன்று மாதப் பதவிக்காலம், இரண்டு வாரத் தாள், பத்துச் சம்பவப் பயிற்சி ஆகியவை பழக்கத்தில் நன்றாக நடப்பவை, சோதனையில் நிரூபித்தவை அல்ல.

எழுதி வைக்க வேண்டிய இன்னொரு விதி: தான் வாதாடிக்கொண்டிருக்கும் இழையில் (தொடர் உரையாடலில்) ஒருவர் தானே அட்மினாகச் செயல்படக் கூடாது. இது புதிதில்லை. 1997-இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம், மற்றவர் கருத்துகளை மதிப்பிடச் சாதாரண உறுப்பினர்களுக்கு ஐந்து புள்ளிகளைக் கொடுத்து மூன்று நாளில் காலாவதியாக்கியது. ஒரு விவாதத்தில் கருத்து எழுதியவர் அதே விவாதத்தில் அந்தப் புள்ளிகளைப் பயன்படுத்த முடியாது. அதிகாரம் சிறியதாகவும் குறுகிய காலத்துக்கும் இருந்தால் யாரிடமும் தைரியமாகக் கொடுக்கலாம் என்பது அதன் கணக்கு. உங்கள் குழுவில் இது இப்படி அமையும்: பஞ்சகவ்யம் பற்றி நடுவர் 1 வாதாடிக்கொண்டிருந்தால், அந்த இழையில் யாரை நிறுத்துவது என்பதை நடுவர் 3 முடிவு செய்வார். எதிராளி எல்லை மீறியது பட்டவர்த்தனமாக இருந்தாலும்கூட.

சண்டை மூண்டால் வரிசை இது. முதலில் மெதுவான முறையை 15 நிமிடத்துக்கு வையுங்கள்; ஒருவர் 15 நிமிடத்துக்கு ஒரு செய்திதான் அனுப்ப முடியும். பெரும்பாலான சண்டைகள் இங்கேயே ஆறிவிடும், ஏனென்றால் எரிவது உடனுக்குடன் கிடைக்கும் பதிலில்தான். பிறகு குழுவின் பெயரில் ஒரே ஒரு செய்தி: இன்ன விஷயத்தைப் பேசலாம், ஆளைப் பேசக் கூடாது. அதன்பின் ஆளைத் தாக்கும் வரிகளை மட்டும் நீக்குங்கள். இழை முழுவதையும் துடைத்து எறியும் ஆசை வரும், வேண்டாம். நிதானமாக எழுதியவர்களின் பதிலும் அதோடு போகும், "என் பதிவை ஏன் நீக்கினீங்க" என்று அடுத்த சண்டை ஆரம்பிக்கும். தொடர்ந்து செய்பவரை 24 மணி நேரம் எழுதவிடாமல் நிறுத்தலாம். நிரந்தரத் தடைக்கு இரண்டு நடுவர் சம்மதம் வேண்டும்; ஸ்பேமுக்கும் இன்பாக்ஸ் தொல்லைக்கும் மட்டும் ஒருவர் போதும். சாதி, கட்சி, நடிகர் ரசிகர் சண்டைகளுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவை தோட்டத்தைப் பற்றியவை அல்ல, பார்த்த உடனே நீக்கிவிடலாம்.

விதை கொடுக்கல் வாங்கல்தான் அட்மின்களை அதிகம் சோர்வடையச் செய்வது. "கூகுள் பேயில் 300 ரூபாய் போட்டேன், விதை வரவில்லை, நீங்கள்தான் அட்மின், வாங்கிக் கொடுங்கள்" என்று வருவார்கள். இந்தப் பொறுப்பை ஏற்றால் மீள முடியாது. சுயமுகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய கவரை அனுப்பி விதை பெறும் இலவசப் பரிமாற்றத்தை மட்டும் அனுமதியுங்கள். விற்பனையை அனுமதிப்பதென்றால் விலை பொதுவில் எழுதப்பட வேண்டும், 'விலைக்கு இன்பாக்ஸ்' கூடாது. அட்மின்கள் எவரும் பணம் வசூலிக்கவோ, இடையில் வாங்கிக் கொடுக்கவோ, குழு சார்பில் மொத்தமாக விதை வாங்கிப் பிரிக்கவோ கூடாது. ஏமாற்றப்பட்டவர் வந்தால் நடுவர் செய்ய வேண்டியது இரண்டுதான்: எதிராளியின் பதிவுகளை நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாதிக்கப்பட்டவரிடம் கொடுப்பது, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைச் சொல்வது. பணம் போன உடனே அழைப்பதில்தான் பலன். அவசரத்தில் முதலில் தடை செய்து எல்லாவற்றையும் அழித்துவிடுவது இங்கே வழக்கமான தவறு. புகார் கொடுப்பவருக்கு ஆதாரம் இல்லாமல் போகும்.

இன்பாக்ஸ் தொல்லைக்கும் இதே ஒழுங்கு. புகாரைப் பெண் நடுவர் ஒருவர் தனியே வாங்க வேண்டும், ஸ்கிரீன்ஷாட் பார்க்க வேண்டும், சம்பந்தப்பட்டவரை அறிவிப்பில்லாமல் தடை செய்ய வேண்டும். குழுவில் பஞ்சாயத்து வைக்கக் கூடாது. யார் புகார் சொன்னார் என்பது வெளியே போகக் கூடாது. "பெரியவர், தெரியாமல் அனுப்பியிருப்பார்" என்று சமாதானம் பேசும் அட்மின் இந்த வேலைக்கு ஆகாதவர்.

அட்மினாக இருந்தால் போலீஸ் வழக்கு வருமா என்பது கூப்பிடும் போதெல்லாம் வரும் கேள்வி. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடர்பான வழக்கில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லை என்றால் அவர் பெயரைக் குற்றப் பத்திரிகையிலிருந்து நீக்கச் சொன்னது. 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்றது. இவை வாட்ஸ்அப்பைப் பற்றியவை. அட்மின் தானே அந்தப் பதிவைப் பரப்பியிருந்தாலோ, அதற்கு உடந்தையாக இருந்தாலோ பாதுகாப்பு தராது. ஒரு தோட்டக் குழுவின் தன்னார்வலர் பயந்து ஒதுங்க வேண்டிய நிலை இல்லை என்று சொல்ல இது போதும். அதற்கு மேல் குறிப்பிட்ட புகார் வந்தால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

பணம், சன்மானம் பற்றி ஒரு வார்த்தை. ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் தன் அரட்டை அறைகளைப் பார்த்துக்கொள்ள ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்திருந்தது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்து, பதிலுக்குச் சந்தாவில் சலுகை கொடுத்தது. 1999-இல் சிலர் ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள்; பத்தாண்டுக்கு மேல் இழுத்து 1.5 கோடி டாலரில் சமரசமானது. உங்கள் குழு நிறுவனம் அல்ல, அந்தச் சட்டச் சிக்கல் வராது. ஆனால் குழுவை வைத்து நீங்கள் யூடியூபிலோ விளம்பரத்திலோ சம்பாதிக்கத் தொடங்கினால், அந்த நாளிலிருந்து மற்றவர்கள் உழைப்பின் பொருள் மாறிவிடும். அப்படி ஏதாவது இருந்தால் ஆள் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஆண்டுக்கொரு முறை நல்ல நாட்டு விதைத் தொகுப்பும், பெயர் சொல்லி நன்றியும் தாராளம்.

வேலை மேம்படுகிறதா என்று பார்க்க, எத்தனை பதிவு நீக்கினார் என்று எண்ணாதீர்கள். எண்ணினால் நீக்குவதற்காகவே நீக்குவார்கள். புகார் வந்து முதல் பதில் போக எவ்வளவு நேரம், மறுபரிசீலனையில் எத்தனை முடிவுகள் மாறின, முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காத புதியவர்கள் எத்தனை பேர் என்பவை பயனுள்ளவை. இதற்காகப் பாட்டின் பதிவுகளை ஒரு தனிச் சேனலுக்கு அனுப்பி வையுங்கள், அது 48 மணி நேரத்தில் அழியாது. முடிவு பிடிக்காதவர் முறையிட ஒரு வழி வேண்டும், அதை முதலில் முடிவெடுத்தவர் பார்க்கக் கூடாது.

நேரப் பங்கீட்டில் வெளிநாட்டு உறுப்பினர்கள் பெரிய உதவி. ஸ்பேம் நம்மூர் நள்ளிரவில்தான் கொட்டும். அதிகாலை ஒரு மணிக்கு லண்டனில் கோடைக்காலத்தில் இரவு எட்டரை, டொராண்டோவில் பிற்பகல் மூன்றரை. அங்கே பால்கனியில் தக்காளி வளர்க்கும் ஒருவரைத் தலைப்புக் காவலராகச் சேர்த்தால் இங்கே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். பருவத்தையும் கணக்கில் எடுங்கள். ஆடிப் பட்டத்துக்கு விதை கேட்டும், கலவை கேட்டும் குழு திணறும். அந்த நெருக்கடியில் புதியவர்களைச் சேர்த்தால் பயிற்சிக்கு நேரமே இருக்காது. வைகாசியில் கேட்டு, ஆனியில் பத்துச் சம்பவப் பயிற்சியை முடித்தால் ஆடி பிறக்கும்போது கை பழகியிருக்கும். ஆடியும் ஆவணியும் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரம் கட்டாய ஓய்வு கொடுங்கள், கேட்காவிட்டாலும்.

கடைசியாக, தலைகாட்டாத அந்த இரண்டு பேர். 60 நாள் எந்தச் செயலும் இல்லையென்றால் உரிமைகள் தானாக விலகும் என்று விதியாகவே எழுதி, எல்லோருக்கும் பொதுவாக அறிவித்து, அதன்பின் நடைமுறைப்படுத்துங்கள். தனிப்பட்ட வருத்தம் வராது. அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு பதிவு போடுங்கள், திரும்ப வர விரும்பினால் வரவேற்பாளராக வரலாம் என்றும் சொல்லுங்கள். இதைக் கண்ணியத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பயன்படுத்தாத அட்மின் கணக்கை யாராவது திருடினால் ஒரே இரவில் குழுவைக் காலி செய்துவிட முடியும். அந்த இருவரில் ஒருவர்தான் குழுவைத் தொடங்கிய உரிமையாளர் என்றால் இன்றே பேசுங்கள். உரிமையை மாற்றித் தர அவர் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக் கடவுச்சொல் போட்டு ஏழு நாளாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் டெலிகிராம் மாற்ற அனுமதிக்காது. அவர் தொலைபேசியையோ எண்ணையோ மாற்றிவிட்ட பிறகு தேடினால் 6,000 பேரையும் புதுக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும், பாதிப் பேர்கூட வரமாட்டார்கள்.